தசைக்கு ஓர் ஆசான்

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, மலைக்கோட்டைப் படிகளில் நிற்காமல் ஏறிப் பாருங்கள். முதல் நாள் தொடை நடுங்கும். தினமும் ஏறினால் நடுக்கம் மெல்லக் குறையும். சுமைக்கேற்பத் தசை வலுப்பெறுகிறது. அதுவும் ஏறும்போதல்ல, பிறகு உண்டு உறங்கும்போது!

இதை அளந்து நடத்துபவரே வலிமைப் பயிற்சியாளர். எடை தூக்கினால் ஆட்டக்காரர் மந்தமாகிவிடுவார் என்று முன்பு அஞ்சினார்கள். 1969-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம், கோலூன்றித் தாண்டும் மாணவரான பாய்ட் எப்லியைக் கால்பந்துக் குழுவுக்கு எடைப் பயிற்சி தர அமர்த்தியது. (அங்கே அது பந்தைக் கையிலேந்தி மோதும் ஆட்டம்!) ஒருவருக்கு வேகம் குறைந்தாலும் வேலை போய்விடும் என்பது நிபந்தனை. போகவில்லை, 1970, 1971 இரண்டாண்டும் அக்குழுவே தேசியச் சாம்பியன்.

2011 உலகக் கோப்பையை வென்ற நம் கிரிக்கெட் அணிக்கு இப்பயிற்சி அளித்தவர் சென்னையின் ராம்ஜி சீனிவாசன். இத்தொழிலில் ஆசையா? உயிரியலோடு நெம்புகோல் பாடத்தையும் படியுங்கள். உங்கள் முழங்கையே ஒரு நெம்புகோல்தான்.