எண்ணெய் கசியும் எஞ்சின்

வண்டி நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டியிருக்கக் கண்டால், அதனை உடையவர் இருவகையாக எண்ணுவதுண்டு. "பழைய வண்டி என்றால் சொட்டத்தான் செய்யும்" என்று பாராமுகமாய் இருந்துவிடுவோர் ஒரு வகையினர். "எஞ்சினே போய்விட்டது" என்று அஞ்சி, கிடைத்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடுவோர் மற்றொரு வகையினர். இவ்விரண்டும் ஆராயாது செய்யும் முடிவுகளே. எண்ணெய் ஏன் கசிகிறது, எங்கிருந்து கசிகிறது, எப்பொழுது அதனைப் பொறுக்கலாம், எப்பொழுது பொறுக்கலாகாது என்னும் நான்கையும் அறிந்துகொண்டால், பழைய வண்டியும் ஒரு குடும்பத்தை இன்னும் பல ஆண்டுகள் தாங்கும். அதுபற்றியே சில சொல்ல விரும்புகிறேன்.

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்து மக்களுக்கு இது வெறும் இயந்திரச் செய்தி அன்று. மரக்காணத்து உப்பையும், கோடையில் தர்ப்பூசணியையும், நம் பக்கத்தில் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலையையும், கடற்கரைச் சவுக்குக் கட்டையையும் சுமந்து விழுப்புரத்திற்கும் புதுவைக்கும் கோயம்பேட்டிற்கும் ஓடுபவை பிக்கப் என்னும் சிறு சுமை வண்டிகளே. 1947ஆம் ஆண்டு முதல் ஜீப்புகளை உருவாக்கிய மஹிந்திரா நிறுவனத்தின் பிக்கப்புகளும், டாட்டா நிறுவனத்தின் 207 வகை வண்டிகளும் யாவரும் அறிந்தவை. தர்ப்பூசணி பறித்த பின் காத்திராது. வண்டி வழியில் நின்றால் உழவருக்கும் இழப்பு, ஓட்டுநருக்கும் இழப்பு. ஆகவே ஒரு சொட்டு எண்ணெயின் கதையைச் சற்று விரிவாகவே காண்போம்.

எஞ்சின் என்பது ஒரே வார்ப்பு அன்று. பல பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முடுக்கியது. இரும்போடு இரும்பு எவ்வளவு பொருந்தினாலும் இடையே மயிரிழை அளவு இடைவெளி இருந்தே தீரும். அவ்விடைவெளியை அடைக்க நடுவே வைக்கும் மெல்லிய தகடே கேஸ்கெட். பட்டறைகளில் இதனைப் பேக்கிங் என்பர். சமையலறைக் குக்கரின் மூடியில் உள்ள ரப்பர் வளையம் செய்யும் வேலையையே இதுவும் செய்கிறது. அசையாத இரு பகுதிகளுக்கு இடையே இருப்பது கேஸ்கெட். சுழலும் தண்டைச் சுற்றி இருப்பது ஆயில் சீல். இவ்வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

இவை தாங்கும் துன்பத்தைச் சிறு கணக்கால் அறியலாம். 2,523 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டரின் விட்டம் ஏறத்தாழ 89 மில்லிமீட்டர். பரப்பு 62 சதுர சென்டிமீட்டர். எரியும் நேரத்து அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 80 கிலோ என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு வெடிப்பும் சிலிண்டரின் தலையை ஏறத்தாழ 5 டன் விசையோடு மேலே தள்ளுகிறது. நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடும்பொழுது ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை இது நிகழ்கிறது. இத்தனைக்கும் நடுவே நெருப்பையும் நீரையும் எண்ணெயையும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது ஹெட் கேஸ்கெட் என்னும் அம்மெல்லிய தகடு.

ஆயில் சீலின் பணியும் எளிதன்று. 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு 3,000 சுற்று சுழன்றால், அதன் மேற்பரப்பு சீலின் உதட்டை நொடிக்கு 14 மீட்டர் விரைவில் உராய்கிறது. அஃதாவது, மணிக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டியின் வேகம். அவ்வுதட்டைத் தண்டின்மேல் மெல்ல அணைத்து வைப்பது அதன் பின்னே உள்ள சிறு சுருள்வில். உதட்டிற்கும் தண்டிற்கும் இடையே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். அது வற்றினால் உதடு கருகிவிடும்.

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பினுள் ஒரு தோல் வாசர் இருப்பதை நாம் அறிவோம். பழைய இயந்திரங்களிலும் தோலே எண்ணெயைத் தடுத்தது. ஜெர்மனியில் வைன்ஹைம் நகரில் தோல் பதனிட்டுவந்த பிராய்டன்பர்க் நிறுவனத்தில், 1930ஆம் ஆண்டை ஒட்டி, வால்ட்டர் சிம்மர் என்னும் பொறியாளர் இன்றைய ஆயில் சீலுக்கு முன்னோடியான தோல் சீலை உருவாக்கினார். பின்னர்த் தோலின் இடத்தைச் செயற்கை ரப்பர் பெற்றது. நைட்ரைல் என்னும் ரப்பர் ஏறத்தாழ 100 பாகை வெப்பத்தை நெடுநாள் தாங்கும். 1957ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த விட்டான் என்னும் வகையோ 200 பாகை வரை தாங்கவல்லது. எனினும் எந்த ரப்பரும் காலப்போக்கில் இறுகும்; இறுகியது நெகிழ்ந்து கொடாது; நெகிழாதது அடைக்காது. 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் சாலஞ்சர் விண்கலம் வெடித்து எழுவர் மாண்டதற்குக் காரணம், கடுங்குளிரில் விறைத்துப்போன ஒரு ரப்பர் வளையமே. அங்கே குளிர் செய்ததை நம் வண்டிகளில் ஆண்டுக்கணக்கான வெப்பம் மெல்ல மெல்லச் செய்கிறது.

இனி, கசியும் இடத்தைக் காணும் முறை. எண்ணெய் சொட்டும் இடமே கசியும் இடம் என்று கொள்ளலாகாது. மேலே டேப்பட் கவரில் கசிந்த எண்ணெய் எஞ்சினின் உடல்மேல் வழிந்து, ஓட்டத்தின் காற்றால் பின்னோக்கித் தள்ளப்பட்டு, கிளட்ச் கூட்டின் அடியில் சொட்டும். அதனைக் கண்டு பின்பக்கச் சீல் போயிற்று என்று கியர்பாக்சை இறக்குவது வீண் செலவு. முதலில் எஞ்சினை ஆறவிட்டு, மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு தூய்மை செய்து, நன்றாக உலர்த்துக. பின் ஐயமுள்ள இடங்களில் சுண்ணக்கட்டித் தூளைத் தூவி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்திப் பார்க்க. எண்ணெய் ஊறும் இடத்தில் வெண்தூள் கறுத்துத் தோன்றும். தேடலை எப்பொழுதும் மேலிருந்து தொடங்குக. கிளட்ச் கூட்டில் சொட்டுவது கறுத்து மெலிந்திருந்தால் எஞ்சின் எண்ணெய். தடித்துக் கந்தக நெடி வீசினால் கியர் எண்ணெய். பின்னதாயின் குற்றம் எஞ்சினுடையது அன்று.

அடுத்து, பலரும் மறக்கும் ஒன்று உண்டு. பிஸ்டன் வளையங்களைக் கடந்து சிறிது புகை எஞ்சினின் அடிப்பகுதிக்குள் இறங்குவது இயல்பு. அதனை வெளியேற்றவே பிரீதர் குழாய் அமைத்துள்ளனர். அக்குழாய் அழுக்கால் அடைபட்டால் உள்ளழுத்தம் மிகுந்து, நல்ல சீலையும் மீறி எண்ணெயை வெளியே தள்ளும். எஞ்சின் மெதுவாக ஓடும்பொழுது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வருமாயின், பிரீதரை முதலில் தூய்மை செய்க. அதன் பின்னும் புகை குறையாவிடில் வளையங்கள் தேய்ந்தன என்பது பொருள். காரணத்தை நீக்காமல் சீலை மாற்றுவது, காய்ச்சலின் காரணம் அறியாமல் நெற்றியில் பற்றிடுவது போன்றதே.

கசிவுகள் யாவும் ஒரு தரத்தன அல்ல. இருபது சொட்டு ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர். பத்து நொடிக்கு ஒரு சொட்டு வீதம் எட்டு மணி நேரம் ஓடினால் 2,880 சொட்டு, அதாவது 144 மில்லிலிட்டர். ஒரு வாரத்தில் ஒரு லிட்டர். வெறும் ஈரம் படிவதாயின் நாள்தோறும் அளவுகோல் பார்த்து வண்டியை ஓட்டலாம். சொட்டுவதாயின் தக்க நாள் குறித்துச் சரிசெய்தல் வேண்டும். ஆனால் எண்ணெய் மோர் போல் வெளுத்தாலும், ரேடியேட்டரில் குமிழிகள் எழுந்தாலும், கிளட்ச் வழுக்கினாலும், எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தாலும் வண்டியை அப்பொழுதே நிறுத்துதல் வேண்டும். விழுப்புரம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று திண்டிவனத்திலிருந்து புறப்பட்டால், அந்த 40 கிலோமீட்டரில் ஒரு பேக்கிங்கின் செலவு ஒரு கிராங்க் ஷாப்ட்டின் செலவாக முடியும்.

வேலையைத் தொடங்குமுன் உயிர்க்காப்பு. ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல் அடுக்கியோ வண்டியின் அடியில் ஒருவரும் படுக்கலாகாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். பழைய பேக்கிங்குகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் விளைக்கும். ஆகவே அதனை நனைத்துச் சுரண்டுக. காற்றுக் குழாயால் ஊதலாகாது. பட்டறையில் தொழில் பழகும் இளைஞர்க்கு இதனை முதற்பாடமாகக் கற்பித்தல் ஆசிரியரான மெக்கானிக்கின் கடமை.

சீலை மாற்றுதலில் அதன் விலை சிறிது. அதனை அடையும் வழி பெரிது. பின்பக்கச் சீலுக்காகக் கியர்பாக்ஸ், கிளட்ச், பிளைவீல் ஆகிய மூன்றையும் இறக்க வேண்டும். ஆதலின் இறக்கிய நாளிலேயே கிளட்ச் தட்டையும் கியர்பாக்ஸ் முன்சீலையும் பார்த்து, தேய்ந்தவற்றை மாற்றிவிடுதல் சிக்கனம். பழைய சீலைப் பெயர்க்கும்பொழுது தண்டில் கீறல் விழலாகாது. தண்டில் பழைய உதடு அரித்த வரிப்பள்ளம் இருப்பின், இடம் உள்ளவிடத்துப் புதிய சீலைச் சற்றே தள்ளிப் பொருத்தலாம். அன்றேல் மெல்லிய உறை ஒன்றைத் தண்டின்மேல் ஏற்றலாம். உதடு எண்ணெய் உள்ள பக்கம் நோக்கியிருக்க வேண்டும். உதட்டில் எண்ணெய் தடவி, சீல் முழுதும் ஒருசேர இறங்குமாறு தட்டையான கட்டை வைத்து மெல்ல ஏற்றுக. ஒரு மூலையில் ஓங்கி அடித்தால் சீல் கோணிவிடும்.

ஆயில் சம்ப்பில் கசிவு கண்டவுடன் போல்ட்டுகளை மேலும் மேலும் முடுக்குவது பரவலான வழக்கம். அதனால் தகர விளிம்பு துளைகளைச் சுற்றி வளைந்து கசிவு மிகுமேயன்றிக் குறையாது. விளிம்பைச் சமதளத்தில் வைத்து நேராக்கிய பின்னரே புதிய பேக்கிங் வைத்தல் வேண்டும். சிலிக்கோன் பசையை மெல்லிய கோடாக இடுக. மிகுதியாக அப்பினால் உள்ளே பிதுங்கி உதிர்ந்து, எண்ணெய்ப் பம்பின் வடிகட்டியை அடைத்துவிடும்.

ஹெட்டைக் கழற்றினால் அதன் அடிப்பரப்பு வளைந்துள்ளதா என்று நேர்க்கோலும் பீலர் கேஜும் கொண்டு பார்த்தல் இன்றியமையாதது. வளைந்ததைச் சீவாமல் புதிய கேஸ்கெட் வைத்தால் அதுவும் விரைவில் எரியும். போல்ட்டுத் துளைகளில் எண்ணெயோ நீரோ தேங்கியிருக்கலாகாது. முடுக்கும்பொழுது அது வழியின்றி அழுந்திப் பிளாக்கையே பிளந்துவிடக்கூடும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி, கையேடு கூறும் அளவிற்கு, டார்க் ரெஞ்சு கொண்டு இரண்டு மூன்று படிகளாக முடுக்குக. ஓரத்தில் தொடங்கினால் நடுவே தகடு உப்பி நிற்கும். கைப்பழக்கம் போற்றத்தக்கதே, எனினும் அளவறிய வேண்டிய இடத்தில் கருவியே சான்று.

வேலை முடிந்தபின் எஞ்சுவது வடித்த பழைய எண்ணெய். சிறுபாணாற்றுப்படையில் பாடப்பெற்ற நல்லியக்கோடனின் கிடங்கில், இன்று திண்டிவனத்தோடு இணைந்த கிடங்கலே. ஏரிகளையும் கிணறுகளையும் நம்பி வாழும் இந்நிலத்தில் அவ்வெண்ணெயை வாய்க்காலிலோ மண்ணிலோ கொட்டுவது நாம் குடிக்கும் நீரையும் பயிருக்கு இறைக்கும் நீரையும் கெடுப்பதாகும். 2016ஆம் ஆண்டின் தீங்குறு கழிவு விதிகளும் பழைய எண்ணெயைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்க வேண்டும் என்கின்றன. மூடியுள்ள பீப்பாயில் சேர்த்துவைத்து உரியவரிடம் ஒப்படைப்பது எந்தப் பட்டறைக்கும் இயலாத செயல் அன்று.

புதிய சீல் பூட்டிய வண்டியை உடனே முழுச் சுமையோடு விரட்டாது, எஞ்சின் சூடேறும் வரை ஓட்டி, நிறுத்தி, ஆறியபின் எண்ணெய் அளவையும் நீர் அளவையும் பார்த்து, அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து ஓரிரவு நிறுத்திவையுங்கள். காலையில் அத்தாளில் கறை இல்லையாயின், அன்றைய சுமையை ஏற்றலாம்.