விண்ணில் விழிக்கும் பழம்பிணி

மடவளையில் எங்கள் பழைய வீட்டில், உம்மும்மாவின் இடுப்பைச் சுற்றி அக்கி எழுந்து அவர் துடித்த நாள்களை நான் மறந்தேனல்லேன். “சின்ன வயதிலேயே கொப்பளிப்பான் கண்ட உடம்பு, மறுபடியும் ஏன் மகன் இந்தச் சோதனை?” என்று அவர் கேட்டார். அன்று விடை சொல்ல அறியேன். பிற்காலத்தே விண்வெளிப் பயணிகளைப் பற்றிப் படிக்கையில் அவ்விடை கிட்டியது.

நம் உடலின் காவல் இருவகைத்து. குருதியில் உலவும் பிறபொருளெதிரிகள், முன்னர்க் கண்ட பகையை மீண்டும் கண்டவுடன் பற்றிக்கொள்வன. கலங்களுக்குள் ஒளிந்த பகையைத் தேடியழிப்பனவோ வெண்குழியங்கள்.

முன்னதன் அருமையை 1970 ஆம் ஆண்டிலேயே உலகம் கண்டது. அப்பலோ 13 புறப்படுமுன், ஜேர்மன் சின்னமுத்துத் தொற்றுக்கு ஆளாகியிருக்கக்கூடும் என்று ஐயுற்றுக் கென் மாற்றிங்லியின் குருதியைச் சோதித்தனர். அந்நோய்க்குரிய பிறபொருளெதிரி அதில் இல்லை. ஆதலின் அவர் நிறுத்தப்பட்டார். நோயோ அவருக்கு வரவேயில்லை!

விண்ணிலே இக்காவல் தளருமோ? 2015-16 இல் ஏறத்தாழ 340 நாள்கள் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கிய ஸ்கொற் கெலி, அங்கேயே இன்புளுவன்சாத் தடுப்பூசி ஏற்றிக்கொண்டார். பூமியிலிருந்த அவருடைய இரட்டைச் சகோதரரோடு ஒப்பிட்டு 2019 இல் வெளியான ஆய்வு, தடுப்பூசிக்கு அவருடல் எதிர்பார்த்தவாறே மறுமொழி தந்ததென்றது.

தளர்வது மற்றைக் காவலே. ஏவுதலின் அதிர்ச்சி, கதிர்வீச்சு, உறக்கக் குலைவு, தனிமை ஆகியவற்றால் மன அழுத்தச் சுரப்புகள் மிகுகின்றன, வெண்குழியங்கள் சோர்கின்றன. விண்ணோடங்களில் சென்ற 89 பேரில் 47 பேரிடமும், நிலையத்தில் தங்கிய 23 பேரில் 14 பேரிடமும், கொப்பளிப்பான் வைரசு உள்ளிட்ட ஹேர்ப்பிஸ் குலத்து வைரசுகள் உமிழ்நீரிலோ சிறுநீரிலோ வெளிப்பட்டன. பெரும்பாலோர்க்கு நோய்க்குறி தோன்றவில்லை என்பது ஆறுதல். ஆயினும், செல்லவும் மீளவும் ஆண்டுகள் கழியும் செவ்வாய்ப் பயணத்தில், இடைவழியில் ஏது வைத்தியசாலை?

கொப்பளிப்பான் மறைந்தாலும் அதன் வைரசு மறைவதில்லை. நரம்பு வேர்களிலே உறங்கிக் கிடக்கும். முதுமையோ துயரோ காவலைத் தளர்த்தும்போது அது அக்கியாய் விழிக்கும். தேர்ந்தெடுத்த திடகாத்திரரிடம் சில மாதங்களில் விண்வெளி தோற்றுவிக்கும் தளர்ச்சியை, உம்மும்மாவிடம் எண்பது ஆண்டு வாழ்வு தோற்றுவித்திருந்தது.

இன்று விடை என்னிடம் இருக்கிறது. கேட்ட உம்மும்மாதான் இல்லை.