தண்ணீரைக் கணக்கிட்டுப் பை வாங்குங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கிளம்பினால், பெரும்பாலும் தோளில் தொங்குவது பாதுகாப்பு வாரத்துக்கோ ஆயுத பூஜைக்கோ கம்பெனி கொடுத்த லேப்டாப் பேக்தான். தடா அருவி வரை போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்ப அது போதும். தொடர்ந்து இரண்டு மூன்று நாள் நடப்பதென்றால் போதாது. உடனே கடைக்குப் போய் அறுபது எழுபது லிட்டர் பையாகப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். அதுவும் வீண்செலவு.

அவ்வளவு பெரிய பை குளிர்ப் பிரதேசத்துக்கு உரியது. பருமனான தூக்கப்பை, கம்பளி, ஜாக்கெட் எல்லாம் இடத்தை அடைக்குமே தவிர எடை அவ்வளவு இருக்காது. நம் பக்கம் நிலைமை தலைகீழ். பூண்டிக்கு அருகே குடியம் காடாகட்டும், எல்லைக்கு அந்தப் பக்கம் நாகலாபுரம் மலையாகட்டும், முட்புதரும் பாறையும் வெயிலும்தான். ஒரு போர்வை, மாற்று உடை, சாப்பாடு போனால் மீதி முழுக்கத் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வெயிலில் நாள் முழுக்க நடக்கும் ஒருவர் நாலைந்து லிட்டராவது குடிப்பார். வழியில் நிரப்பிக்கொள்ள இடம் இல்லையென்றால் அத்தனையும் முதுகில்தான் ஏறும். அதாவது, சின்ன இடத்தில் பெரிய பாரம். அதனால் நாற்பது லிட்டர் பை தாராளம். கொள்ளளவைவிட, அந்தப் பாரத்தை உடம்பில் எங்கே இறக்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பாரம் இறங்க வேண்டியது இடுப்பில். தோள்பட்டைக்கு அந்த வேலை கிடையாது. பஞ்சு வைத்துத் தைத்த அகலமான இடுப்பு பெல்ட்டும், பின்பக்கம் வளையாத தகடோ கம்பியோ உள்ள பையும்தான் இதைச் செய்யும். வெறும் நாடாவை இடுப்பில் கட்டும் பைகள் ஆடாமல் இருக்கும், அவ்வளவுதான்.

அளவு பார்ப்பது எளிது. தலையைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே ஓர் எலும்பு முட்டும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை முதுகை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். பை பொருந்த வேண்டியது இந்த நீளத்துக்கு. ஆறடி ஆளுக்கு முதுகு குட்டையாக இருக்கலாம். ஐந்தடி ஆளுக்கு நீளமாக இருக்கலாம். உயரத்தைக் கேட்டுப் பை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரரை நம்ப வேண்டாம். வெறும் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பதாலும் பயனில்லை. ஐந்தாறு ஒரு லிட்டர் பாட்டில்களைக் கையோடு கொண்டுபோய் உள்ளே அடுக்கி, பத்து நிமிடம் கடைக்குள்ளேயே நடந்து பாருங்கள். தோள்வாருக்கு அடியில் விரல் சுலபமாக நுழைகிறதா, இடுப்பு பெல்ட் வழுக்காமல் நிற்கிறதா என்பதில் தெரிந்துவிடும். முதுகுப் பக்கம் காற்று போக வலை இருந்தால் நல்லது. நம் ஊர் வியர்வைக்கு அது ஆடம்பரம் அல்ல. ஐப்பசி கார்த்திகை மழைக்கு மேலுறையை மட்டும் நம்பாமல், கனமான பாலிதீன் பையை உள்ளே விரித்து அதற்குள் துணிமணியை வையுங்கள். தண்ணீர் பாட்டில்கள் முதுகெலும்பை ஒட்டி, நடுப்பகுதியில் இருக்கட்டும்.

எவ்வளவு தண்ணீர் சுமப்பது? அதைச் சொல்வது வரைபடம்.

நடைக்கு ஏற்றது சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 அளவு வரைபடம். டோப்போ ஷீட் என்றால் எல்லோருக்கும் தெரியும். இதில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். 2017இல் தொடங்கிய 'நக்ஷே' இணையவாசல் வழியாக இவற்றை இலவசமாக இறக்கிக்கொள்ள வழி செய்தார்கள். (இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கும் பெரும்பணிக்கு லாம்டன் 1802இல் அடிக்கோடு போட்டது நம் பரங்கிமலைப் பக்கம்தான். அந்தப் பெருமையோடாவது ஒரு ஷீட்டை விரித்துப் பார்க்கலாம்.) பழைய எண் முறையில் குடியம் 57 ஓ/16, நாகலாபுரம் 57 ஓ/15. கும்மிடிப்பூண்டி நகரம் 66 சி/3.

ஷீட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஓடைகளின் நிறம். நீலமாக இருந்தால் தண்ணீர் உள்ள ஓடை. கறுப்புக் கோடென்றால் வறண்ட படுகை. ஏரிக்கும் அப்படியே. கறுப்புக் கோட்டை நம்பி ஒரு பாட்டிலைக்கூடக் குறைக்காதீர்கள். நீலமென்றாலும் சித்திரை வைகாசியில் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்டுவிட்டே நம்புங்கள். அளந்த ஆண்டு வேறு, நீங்கள் போகும் ஆண்டு வேறு.

அடுத்தது பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகள். இந்த ஷீட்டுகளில் வழக்கமாக 20 மீட்டருக்கு ஒரு கோடு. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமம். ஓடைப்படுகை வழியே ஏறுவது சுலபம்போலத் தோன்றும். மேலே கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றால் அங்கே பாறைச் சுவர் என்று பொருள். திரும்பித்தான் வர வேண்டும். பாதையில்லாத முட்காட்டில், சுமையோடு, மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கணக்குப் போடாதீர்கள்.

செல்போன் வேண்டாமா? வேண்டும். பள்ளத்தாக்கில் டவர் கிடைக்காவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஓஎஸ்எம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் அந்தப் பகுதியை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, ஏரோப்ளேன் மோடில் போட்டால் சார்ஜும் நிற்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பழைய டோப்போ ஷீட்டுகள் எவரெஸ்ட் அளவை முறையில் போட்டவை. ஜிபிஎஸ் காட்டும் எண்களை அதில் அப்படியே வைத்தால் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி நிற்பீர்கள். புதிய ஓப்பன் சீரிஸ் ஷீட்டில் இந்தத் தொல்லை இல்லை. திசைகாட்டிக்கு இந்தப் பக்கம் கணக்கே தேவையில்லை. காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றிரண்டு பாகைக்குள்தான் வேறுபடும்.

ஷீட்டில் மாநில எல்லைக் கோட்டையும் பாருங்கள். நாகலாபுரமும் தடா அருவியும் ஆந்திரத்தில் இருக்கின்றன. அனுமதி அந்த மாநில வனத்துறையிடம். நம் பக்கம் 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே அந்த ஆண்டு தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம்.

புதுப் பை வாங்கியவர்கள் முதலில் குடியம் குகைக்குப் போங்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் அதுவும் ஒன்று. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியும் உடன் வருவார். ஒரு பகலில் முடிகிற நடைதான். இருந்தாலும் மூன்று நாளுக்கு வேண்டிய எடையை ஏற்றிக்கொண்டு போங்கள். பை பொருந்தவில்லையென்றால் அன்று மாலையே தெரியும், பில்லை மட்டும் தொலைக்காமல் வைத்திருங்கள்.