இழுக்கும் சரி, சுமக்குமா?

அமெரிக்காவில் பிக்கப் டிரக் விளம்பரங்கள் இழுவைத் திறனைத்தான் கொட்டை எழுத்தில் போடுகின்றன. 5,000 கிலோ என்று பார்த்ததும், 9 மீட்டர் நீள முகாம் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று குடும்பங்கள் நம்பிவிடுகின்றன.

அந்த எண் பொய்யல்ல. அரிசோனாவின் டேவிஸ் அணைப் பக்கத்து மலைச்சாலையை வைத்து வகுத்த சோதனையில் வருவது. சுமார் 18 கிலோமீட்டர் ஏற்றம், கொளுத்தும் வெயில், ஏசி முழு வேகத்தில். அப்போதும் வண்டி மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. ஆனால் உள்ளே இரண்டே பேர், ஆளுக்கு 68 கிலோ. பிள்ளைகள், நாய், சைக்கிள், ஐஸ் பெட்டி எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

வாங்கும் முன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். ஆட்களும் சரக்குமாக எத்தனை கிலோ ஏற்றலாம் என்று ஒரு ஸ்டிக்கர் சொல்லும். ஒரே மாடலிலும் வசதிகள் கூடக்கூட அந்த எண் குறையும்.

சாமான்களோடு 4,000 கிலோ இருக்கும் டிரெய்லர், தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை டிரக்கின் கொக்கிமேல் இறக்கும். 13 சதவீதம் என்றால் 520 கிலோ. நான்கு பேருக்கு 280, கொக்கிச் சாதனங்களுக்கு 40. ஆக 840 கிலோ. பின்தொட்டியில் இன்னும் ஒரு விறகுக்கட்டைகூட ஏற்றவில்லை. எஃப்-150, ராம் 1500 போன்ற 'ஹாஃப் டன்' டிரக்குகள் பலவற்றின் ஸ்டிக்கரில் 650 முதல் 850 கிலோதான் இருக்கும். இழுவைத் திறன் மிச்சமிருக்க, சுமை வரம்பு முதலில் தீர்ந்துவிடுகிறது.

கொக்கிப் பாரத்தைக் குறைக்கச் சாமான்களை டிரெய்லரின் பின்கோடியில் அடுக்குவோர் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பாரம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கி, டிரக்கையும் சேர்த்துப் புரட்டிவிடலாம். கொக்கியோடு பொருத்தும், எடையைப் பகிரும் கம்பிகள் முன்சக்கரங்களுக்குப் பிடிப்பைத் திரும்பத் தரும். ஆனால் அவை ஸ்டிக்கர் எண்ணை உயர்த்தா.

ஆகவே இந்த அளவு டிரெய்லருக்கு, கூடுதல் சுமை தாங்கும் எஃப்-250, ராம் 2500 வகைதான் என் தேர்வு. டீசலா பெட்ரோலா என்பது போகும் பாதையைப் பொறுத்தது. டீசல் எஞ்சின் கனமானது. அதனாலேயே சுமை வரம்பு குறையும். ஆனால் கொலராடோவின் ஐசன்ஹவர் சுரங்கம் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பலத்தை இழக்கும்; டர்போ உள்ள டீசல் அந்த அளவு இழக்காது. இறக்கத்திலோ, எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் பெரும் துணை. சக்கர பிரேக் சூடேறிச் செயலிழக்கும் ஆபத்து வெகுவாகக் குறையும். ராக்கி மலைப் பக்கம் போகிறவர்கள் டீசலையே வாங்கலாம். சமவெளியோடு நிற்பவர்களுக்கு அந்தக் கூடுதல் செலவு தேவையில்லை.

டிரெய்லர் விற்பவர் சொல்லும் வெற்று எடையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அதன் தண்ணீர்த் தொட்டியில் 200 லிட்டர் நிரப்பினாலே 200 கிலோ கூடிவிடும். லாரி நிறுத்தங்களில் எடைமேடைகள் இருக்கின்றன. முழுச் சாமானோடும் குடும்பத்தோடும் அதில் ஏற்றினால், டிரக்கின் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லரின் அச்சுகள் என மூன்றின் மேலும் இறங்கும் எடை தனித்தனியாகச் சீட்டில் வந்துவிடும்.