ஓவிய ஆசிரியையின் புதிய சாளரம்

2020-ஆம் ஆண்டு மழைக்காலத்தின் தொடக்கம். புனே நகரில் ஊரடங்கு சற்றே தளர்த்தப்பட்டிருந்த நாட்கள். வாடிக்கையாளர்கள் இடைவெளி விட்டு நிற்பதற்காக எங்கள் கிளையின் வாயிலில் வெள்ளை வட்டங்கள் வரையப்பட்டிருந்தன. அவ்வட்டங்களில் ஒன்றில் காத்திருந்து உள்ளே வந்த ஓவிய ஆசிரியை ஒருவர், விருப்ப ஓய்வு பெற்றால் கிடைக்கும் தொகையை எந்த வைப்புத் திட்டத்தில் இடலாம் என்று கேட்டார். ராஸ்தா பேட் பகுதியில் நெடுங்காலமாக வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். மராத்தி வழிப் பள்ளியொன்றில் சித்திரம் கற்பிப்பவர். பணி ஓய்வுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

வட்டி விகிதங்களைச் சொல்வதற்கு முன், இவ்வளவு முன்னதாக ஓய்வு பெறுவது ஏன் என்று விசாரித்தோம். இணையவழி வகுப்பு தமக்கு வராது என்றார். கணித ஆசிரியரும் மொழி ஆசிரியரும் முகத்தைக் காட்டிப் பேசிச் சமாளிக்கிறார்கள். சித்திர வகுப்பில் மாணவர்கள் பார்க்க வேண்டியது ஆசிரியரின் முகத்தை அன்று, கையை. பென்சில் எந்தச் சாய்வில் நிற்கிறது, தூரிகையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைக் கைபேசி வழியே எப்படிக் காட்டுவது என்பது அவருக்கு விளங்கவில்லை. வீட்டிலிருந்தவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருந்ததாம்.

எங்கள் இளம் அலுவலர் ஒருவர் தம் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அந்நாட்களில் நாடெங்கும் பரவியிருந்த படம் அது. புனேயைச் சேர்ந்த வேதியியல் ஆசிரியை ஒருவர் துணி மாட்டும் ஹேங்கர் ஒன்றைத் துணிக் கீற்றுகளால் நாற்காலியில் கட்டி, அதில் கைபேசியைத் தொங்கவிட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். விலை உயர்ந்த தாங்கி எதுவும் இல்லை. வீட்டில் இருந்த பொருள்களே போதுமானவையாக இருந்தன. ஓவிய ஆசிரியை அப்படத்தை நெடுநேரம் பார்த்தார். வைப்புத் திட்டப் படிவத்தை நிரப்பாமலேயே அன்று வீடு திரும்பினார்.

படத்தை மாணவரிடம் கொண்டுவருதல்

அவர் எதிர்கொண்ட சிக்கல் புதிதாகத் தோன்றினாலும், அதன் வேர் மிகப் பழையது. எங்கோ இருக்கும் ஓவியத்தை, அதைப் போய்ப் பார்க்க இயலாத மாணவரின் கண் முன் எப்படிக் கொண்டுவருவது என்பது ஓவியக் கல்வியின் நீண்டகாலக் கேள்வி. அதற்கு விடை தேடியவர்களின் வரலாற்றில் மகாராஷ்டிரத்துக்குத் தனி இடம் உண்டு.

சென்னைப் படையைச் சேர்ந்த ராபர்ட் கில் என்ற அதிகாரி, அஜந்தா குகை ஓவியங்களைப் படியெடுக்க 1844-இல் அனுப்பப்பட்டார். ஆண்டுக்கணக்கில் குகைகளில் உழைத்து அவர் தீட்டிய பிரதிகளிற் பெரும்பாலானவை லண்டனின் கிறிஸ்டல் பேலஸில் 1866-இல் நேர்ந்த தீ விபத்தில் அழிந்தன. பின்னர் மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளியின் ஆசிரியர் ஜான் கிரிஃபித்ஸ், 1872 முதல் தம் மாணவர்களை அழைத்துச் சென்று அதே பணியை மீண்டும் தொடங்கினார். அப்பிரதிகளிலும் பல, 1885-இல் லண்டன் சவுத் கென்சிங்டனில் மூண்ட தீயில் கருகின. ஓர் ஓவியத்தைப் பிறருக்குக் காட்டுவது எத்தனை அரிய செயலாக இருந்தது என்பதற்கு இந்த இரு விபத்துகளே சான்று.

அடுத்த விடை அச்சு எந்திரத்திலிருந்து வந்தது. விஷ்ணுசாஸ்திரி சிப்லூண்கர் 1878-இல் புனேயில் நிறுவிய சித்ரசாலா அச்சகம், கல்லச்சு முறையில் வண்ணப் படங்களை வெளியிட்டது. ராஜா ரவிவர்மா 1894-இல் மும்பையில் தொடங்கிய அச்சகம் பின்னர் புனே மாவட்டத்தில் லோணாவளாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு இடம் பெயர்ந்தது. தமிழ்நாட்டு வீடுகளின் பூசையறைகளில் நம் பாட்டிமார் கண்ட லட்சுமியும் சரசுவதியும் இத்தகைய கல்லச்சுப் படங்களின் வழி வந்தவர்களே. அரண்மனைச் சுவரில் இருந்த படம் குடிசைச் சுவருக்கு வந்தது அவ்வாறுதான்.

புனேயில் உருவான மின் அருங்காட்சியகம்

எங்கள் வாடிக்கையாளரான ஆசிரியையின் பள்ளியில் இந்த மரபின் அடுத்த கண்ணி வெகுநாளாகவே தயாராக இருந்தது. அதை எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆளில்லை. புனேயில் 1988-இல் நிறுவப்பட்ட உயர்நிலைக் கணிப்பியல் வளர்ச்சி மையமான சி-டாக், 1991-இல் பரம் மீக்கணினியை உருவாக்கியதை நாம் அறிவோம். அதே நிறுவனத்தின் புனே மையம், அருங்காட்சியகங்களுக்காக ‘ஜதன்’ என்னும் மென்பொருளை ஆக்கியளித்தது. மராத்தியில் ஜதன் என்றால் பேணிக் காத்தல் என்று பொருள். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் ‘மியூசியம்ஸ் ஆஃப் இந்தியா’ இணையதளம் இதன் துணையோடு உருவானது. புதுதில்லி தேசிய அருங்காட்சியகம், கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகம், ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகம் முதலியவற்றின் அரும்பொருள்களை அதில் இருந்த இடத்திலிருந்தே காணலாம்.

உலக அளவில் கூகுள் நிறுவனம் 2011 பிப்ரவரியில் 17 அருங்காட்சியகங்களோடு கலைத் திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டே இந்தியாவின் தேசிய அருங்காட்சியகமும் தேசிய நவீனக் கலைக்கூடமும் அதில் இணைந்தன. இத்தளங்களிற் சில படங்களை விரித்துப் பார்க்கும்போது, தூரிகையின் தனித்தனி இழைகளும் வண்ணப் பூச்சின் நுண்ணிய விரிசல்களும் தெரிகின்றன. புனேயிலிருந்து அஜந்தா 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. தம் மாநிலத்திலேயே இருந்தும் அதைக் காணாமலே பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். பாடநூலில் தபால்தலை அளவில் இருந்த படம் வகுப்பறைச் சுவரை நிறைத்தபோது, பின்வரிசை மாணவர்கள் எழுந்து அருகில் வந்து நின்றார்கள் என்று, பள்ளிகள் மீண்டும் திறந்த பின் ஆசிரியை எங்களிடம் கூறினார்.

கட்டங்களுக்குள் ஒரு பாடம்

கடைகளில் பணம் செலுத்த நாம் நாள்தோறும் பயன்படுத்தும் கியூஆர் குறியீடு, 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் வாகன உதிரிப் பாகங்களைக் கண்காணிப்பதற்காகப் பிறந்தது. அதைப் பாடநூலுக்குள் கொண்டுவந்த பெருமை மகாராஷ்டிரத்தின் கிராமத்து ஆசிரியர் ஒருவரைச் சாரும். சோலாப்பூர் மாவட்டம் பரிதேவாடி கிராமத்தின் ஜில்லா பரிஷத் தொடக்கப்பள்ளிக்கு 2009-இல் ஆசிரியராகச் சென்ற ரஞ்சித்சிங் திசலே, மாட்டுத் தொழுவத்துக்கும் சேமிப்பறைக்கும் இடையே சிதிலமடைந்து கிடந்த கட்டடத்தைக் கண்டார். அவர் மாணவர்களிற் பலருக்குக் கன்னடமே வீட்டு மொழி. பாடங்களை அம்மொழியில் பெயர்த்ததோடு, ஒலிவடிவப் பாடல்கள், காணொலிகள், பயிற்சிகள் ஆகியவற்றைக் கியூஆர் குறியீடுகளாக நூல்களிற் சேர்த்தார். மகாராஷ்டிர அரசு இம்முறையை மாநிலப் பாடநூல்களுக்கு ஏற்றுக்கொண்டது. 2020 டிசம்பரில் பத்து லட்சம் டாலர் மதிப்புள்ள உலக ஆசிரியர் விருது அவருக்குக் கிடைத்தது. அத்தொகையில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களோடு அவர் பகிர்ந்துகொண்டார்.

மாநிலப் பாடநூல்களை உருவாக்கும் ‘பால்பாரதி’ நிறுவனம் 1967 முதல் புனேயில்தான் இயங்குகிறது. மத்திய அரசு 2017 ஆசிரியர் நாளன்று தொடங்கிய ‘திக்ஷா’ தளமும் நூலில் அச்சிட்ட குறியீட்டிலிருந்து மின்பாடத்துக்கு வழி காட்டுகிறது. நம் ஓவிய ஆசிரியை முதலிற் கற்றுக்கொண்டது இதைத்தான். மேலிருந்து தம் கையைப் படம் பிடித்த நான்கு நிமிடக் காணொலி ஒன்றைப் பதிவேற்றி, அதற்குரிய குறியீட்டைத் தாளில் அச்சிட்டு மாணவர்களுக்குக் கொடுத்தார். ஒருமுறை கரும்பலகையில் வரைந்து அழித்தால் மறைந்துவிடும் கோடு, இப்போது மாணவர் விரும்பிய அத்தனை முறையும் திரும்ப வரையப்பட்டது. நிழலிடுதலை ஒருமுறை பார்த்துப் பிடித்துக்கொள்ள இயலாத பிள்ளைகளுக்கு அதுவே பெரிய உதவியாயிற்று.

திரை காட்டாத அளவு

எனினும் திரைக்கு ஒரு குறை உண்டு. எல்லாப் படங்களையும் அது ஒரே அளவாக்கிவிடுகிறது. லியோனார்தோவின் மோனா லிசா 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமுமே கொண்டது. பிக்காசோவின் குவெர்னிக்கா ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் ஏழே முக்கால் மீட்டர் அகலமும் உடையது. கைபேசியில் இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகின்றன. ஆசிரியை இதற்குக் கண்ட வழி எளியது: பள்ளித் தாழ்வாரத் தரையில் இரு ஓவியங்களின் உண்மை அளவையும் சுண்ணாம்புக் கட்டியால் வரையச் செய்தார். ஒன்றின் மேல் ஒரு மாணவி மட்டுமே உட்கார முடிந்தது. மற்றொன்றுக்குள் வகுப்பு முழுவதும் அமர்ந்தது.

வார்லி ஓவியப் பாடத்திலும் இவ்வாறே. 2011-இல் பத்மஸ்ரீ பெற்ற ஜிவ்யா சோமா மாஷேயின் படைப்புகளைத் திரையில் காட்டிய பின், கைபேசிகளை மூடி வைக்கச் சொன்னார். அரிசி மாவைக் கரைத்து, நுனி நைந்த மூங்கிற் குச்சியால் செம்மண் பூசிய தாளில் வரையவைத்தார். மாவுக் கரைசல் நீர்த்தால் கோடு பரவும். கெட்டியானால் காய்ந்து உதிரும். இதை எந்தக் காணொலியும் விரல்களுக்குச் சொல்லித் தருவதில்லை. மாக்கோலம் இட்டுப் பழகிய தம் தாயாரிடமிருந்து அந்தப் பதத்தைத் தாம் கற்றதாக அவர் சொன்னபோது, தமிழ் வீட்டு வாசலும் வார்லிச் சுவரும் எங்களுக்கு அடுத்தடுத்த வீடுகளாகத் தோன்றின.

புனேயின் ராஜா தின்கர் கேல்கர் அருங்காட்சியகத்துக்கும் மாணவர்களை அழைத்துச் சென்றார். 20,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் கொண்ட அந்தச் சேகரத்தில் விளக்குகளும் பாக்குவெட்டிகளும் எத்தனை வடிவங்களில் உள்ளன! திரையிற் பலவற்றைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், எதிரிலிருக்கும் ஒரு பொருளைச் சுற்றி வந்து பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

இவ்வனுபவத்திலிருந்து ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படக்கூடிய சில செய்திகளைத் தொகுத்துக் கூற விரும்புகிறோம்.

முதலாவது, தேடலில் வரும் முதற் படமே சரியான படமாகிவிடாது. ஒரே ஓவியம் பத்து இடங்களில் பத்து வண்ணங்களில் காட்சியளிக்கும். ஓவியத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் தளத்தை முதலில் நாடுவது நல்லது.

இரண்டாவது, உரிமை. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் ஓவியத்துக்குப் பாதுகாப்பு உண்டு. வகுப்பில் கற்பிக்கும்போது எடுத்துக்காட்டச் சட்டம் இடம் தருகிறது. அதையே பொதுவெளியில் பதிவேற்றுவது வேறு செயல். மாணவர்களின் ஓவியங்களையும் பெயர்களையும் வெளியிடுமுன் பெற்றோரின் இசைவைப் பெறுதல் வேண்டும்.

மூன்றாவது, வங்கியினராகிய நாங்கள் இடைவிடாது வற்புறுத்துவது. பாடநூலில் இருப்பதும் பணம் செலுத்தப் பயன்படுவதும் பார்வைக்கு ஒன்றுபோன்ற கட்டங்களே. பாடத்துக்கான குறியீட்டைத் தொட்டபின் பணப்பரிமாற்றப் பக்கம் திறந்தால் உடனே வெளியேறிவிடுங்கள். பணம் பெறுவதற்கு யூபிஐ இரகசிய எண் ஒருபோதும் தேவைப்படுவதில்லை. பிள்ளைகள் பயன்படுத்தும் கைபேசியில் உங்கள் வங்கிச் செயலி இருப்பின், அதன் பூட்டு எண்ணை அவர்களிடம் கூற வேண்டாம்.

அந்த ஆசிரியை விருப்ப ஓய்வு பெறவில்லை. எஞ்சிய நான்கு ஆண்டுகளையும் முழுமையாகப் பணியாற்றி, உரிய வயதில் ஓய்வு பெற்றார். ஓய்வூதியக் கணக்கு தொடர்பாகக் கிளைக்கு வந்தபோது, தம் பள்ளிக்குப் புதிதாக வந்துள்ள சித்திர ஆசிரியர் கணினியில் மிகத் தேர்ந்தவர் என்றும், மாவுக் கரைசலின் பதம் கேட்டு வாரம் ஒருமுறை தம்மைத் தொலைபேசியில் அழைக்கிறார் என்றும் சொன்னார். 2020-இல் நிரப்பாமல் விட்டுச் சென்ற அந்த வைப்புத் திட்டப் படிவத்தை அன்று நிரப்பிக் கொடுத்தார்.