குருக்கத்தியும் மாதவிப் பந்தலும்

திருக்கடல்மல்லையில் பூதத்தாழ்வார் குருக்கத்தி மலரில் திருவவதரித்தார் என்று நம் பெரியோர் கூறக் கேட்டு வளர்ந்தோம். ஆழ்வாருடைய வடமொழித் தனியனோ உத்பல மலரைக் கூறுகின்றது. இதைப் பற்றிய விசாரம் அடியேனுக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. திருமாளிகை முற்றத்துப் பந்தலிலிருந்து எழுந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் காஞ்சியில் செடி விற்பவர் ஒருவரிடம் ‘மாதவி’ என்று கேட்டு ஒரு கொடி வாங்கி நட்டேன். கொத்துக் கொத்தாய்ப் பூத்தது. ஐப்பசி அவிட்டந்தோறும் அதைத் தொடுத்து ஆழ்வாருக்குச் சாற்றி, ‘இதுவே ஆழ்வார் அவதரித்த பூ’ என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வந்தேன். அது இரங்கூன் மல்லி. மாலையில் வெண்மையாய் மலர்ந்து, பிறகு இளஞ்சிவப்பாகிச் செந்நிறம் அடைவது. வடநாட்டில் பலர் இதனையும் மாதவிலதை என்றே வழங்குவதால் வந்த மயக்கம். பூவைச் சாற்றியதில் குறையில்லை. தவறாகச் சொல்லிக் கொடுத்ததே இன்றும் உறுத்துகின்றது.

அமரகோசம் மாதவிக்கு அதிமுக்தம், புண்ட்ரகம், வாஸந்தி என்னும் பெயர்களையும் ஓதும். இவற்றுள் வாஸந்தி என்பதே நமக்கு வழிகாட்டி: வஸந்தத்தில் பூப்பது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களுள் குருக்கத்தியும் ஒன்று. தாவர நூலார் இதனை ஹிப்டேஜ் பெங்காலென்சிஸ் என்பர்.

இலைகள் எதிரெதிராய்த் தடித்து நுனி கூர்ந்திருக்கும். இதழ் ஐந்து, வெண்மையான அவற்றின் ஓரம் பட்டுச்சேலை முந்தானைக் குஞ்சம் போல் நுண்ணிதாகப் பிரிந்திருக்கும். ஓரிதழில் மட்டும் மஞ்சள் தீற்றல் உண்டு. மகரந்தத் தாள் பத்தில் ஒன்று மற்றவற்றினும் நீண்டது. நறுமணம் மிக்கது. காயைக் கண்டால் ஐயமே எழாது: மூன்று சிறகுகள், நடுவிலுள்ளது நீளம்; உதிர்கையில் சுழன்று இறங்கும். இரங்கூன் மல்லிக்கோ பூவின் காம்பு நீண்ட குழல். காய்க்கு ஐந்து வரம்புகள்.

திருப்பாவை 18ஆம் பாசுரத்தில் ஆண்டாள் மாதவிப் பந்தலின்மேல் குயிலினங்களை இருத்துகிறாள். மார்கழியில் வஸந்த மலர் ஏது என்று ஒருவர் அடியேனைக் கேட்டதுண்டு. பாசுரம் பந்தலைச் சொல்லிற்றேயன்றிப் பூத்ததாகச் சொல்லவில்லை. மேலும் குருக்கத்தி முல்லை போன்ற மெல்லிய கொடியன்று. வயிரம் பாய்ந்து மரமெனப் பருப்பது. பறவைக் கூட்டம் அமரத்தக்க பந்தல் அதனுடையதே.

வளர்க்க விரும்புவோர் சிறகுக் காய்களைப் புதிதாகவே மழைக்காலத்தில் விதைக்கலாம், பதியனும் போடலாம். நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். மூங்கில் பந்தல் சில ஆண்டுகளே தாங்கும்; கல்தூணோ இரும்போ நன்று. பூத்து முடிந்ததும் கழித்துவிட வேண்டும். விட்டால் அருகிலுள்ள மரத்தையே மூடிவிடும். மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளில் இக்கொடி காட்டையே அமுக்கி வருகிறது. இலைச்சாற்றைச் சொறி சிரங்குக்குப் பூசுவது பழைய வைத்திய வழக்கு.

இனி அந்தப் பழைய விசாரம். ஆழ்வார் திருநக்ஷத்ரம் ஐப்பசி. குருக்கத்தி பூப்பதோ தை, மாசி, பங்குனி. நீர் நிறைந்த ஐப்பசிக்கு உத்பலமே இயல்பாய் இசையும். அவதாரம் பருவத்துக்குக் கட்டுப்பட்டதன்று. ஆதலால் இதுகொண்டு பெரியோர் வழக்கை மறுக்க அடியேன் துணியேன். நம் கைங்கர்யத்துக்கோ பருவம் உண்டு. இப்போது எங்கள் திருமாளிகையில் ஐப்பசி அவிட்டத்துக்கு நெய்தல் தேடிச் சாற்றுகிறோம். மாசியில் குருக்கத்தி மலரும்போது, முதற்கொத்தை ஆழ்வாருக்கு ஸமர்ப்பித்து, மஞ்சள் தீற்றிய அந்த ஓரிதழைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன்.