நடைபாதைக்கும் பணம் கேட்கலாம்



சர்க்கரை, பிரஷர் இருக்கிறவங்க தினமும் நடக்கணும்னு டாக்டர் சொல்கிறார். எங்கே நடப்பது? ரோட்டோரம் போனால் சுண்ணாம்புக்கல் லாரி. மாவட்டத்துக்கு ஒரு 8 கி.மீ. நடைபாதை என்று தமிழக அரசு 2023 நவம்பர் 4-ல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் விடியக்காலையில் பாலைக் கறந்து ஊற்றிவிட்டு, பஸ் ஏறிப் போயா நடக்க முடியும்? நம்ம ஊர் ஏரிக்கரையிலேயே பாதை வேணும்.

அதுக்கு ஏது காசு? அந்த லாரியிலேயே இருக்கிறது! 2015-ல் திருத்திய கனிமச் சட்டப்படி, சுரங்கக்காரர்கள் அரசுக்கு 100 ரூபாய் ராயல்டி கட்டினால், அதற்கு மேல் 30 ரூபாயை மாவட்ட கனிம அறக்கட்டளைக்குத் தர வேண்டும். 2015 ஜனவரி 12-க்குப் பிறகு ஏலத்தில் விட்ட சுரங்கம் என்றால் 10 ரூபாய். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கான பணம் இது. பெரும்பகுதி குடிநீர், மருத்துவம், படிப்பு போன்றவற்றுக்குப் போய்விடும். சாலை வேலைக்கெல்லாம் மீதிதான். அதனால் ‘பார்க் மாதிரி வேணும்’னு கேட்காதீங்க. லாரிக்கு ஒதுங்கி நடக்கப் பெண்களுக்கு வழியில்லை என்று எழுதுங்கள்.

எந்தக் கரை, எத்தனை மீட்டர், ஏரி பஞ்சாயத்துடையதா நீர்வளத்துறையுடையதா என்று விசாரித்து, கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். நகலோடு கலெக்டரிடம் மனு கொடுங்கள். பாதை போட்டால் போதாது. இரண்டு மழை பெய்தால் கருவேல முள் மூடிவிடும். வருஷா வருஷம் வெட்டிச் சுத்தம் செய்வது யார், கூலி எதிலிருந்து என்பதையும் அதே தீர்மானத்தில் எழுத வையுங்கள்.